ஃபிலிமில் தெளிவு, திரையில் மங்கல்

புதிதாகக் கண் படம் எடுக்க வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்கள் கையில் இருக்கிற கேமராவைப் போன வாரம் பார்த்தேன். டார்ச் லைட் அளவுதான் இருக்கிறது. நோயாளியின் கண்ணுக்கு நேரே பிடித்து அமுக்கினால் விழித்திரை அப்படியே வந்து நிற்கிறது. சர்க்கரை அந்தக் கண்ணைக் கெடுத்திருக்கிறதா இல்லையா என்பதையும் அந்தப் பெட்டியே சொல்லிவிடுகிறது. நல்ல வேளை, நான் ரிட்டயர் ஆன பிறகு வந்தது. முன்பே வந்திருந்தால் என்னை வாசலில் டோக்கன் கொடுக்க உட்கார வைத்திருப்பார்கள். அதிலும் வரிசையைக் குழப்பி அடி வாங்கியிருப்பேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த கையோடு. தர்மபுரியில் ஒரு ஸ்டுடியோவில் இருந்தேன். கண் ஆஸ்பத்திரியில் கேமராவுக்கு ஆள் தேவை என்றார்கள், கேமராதானே என்று போய்விட்டேன். முதல் நாள் நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயி ஒருவர் முகவாயைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷம், "கொஞ்சம் சிரிங்க" என்றேன். பாவம், அவரும் சிரித்தார். பல் நன்றாக இருந்தது. கண் அசைந்து படம் பாழாயிற்று. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "போட்டோக்காரரே, மாப்பிள்ள முகம் நமக்கு வேண்டாம், கண்ணுக்கு உள்ள இருக்கறது போதும்" என்றார். அவர்தான் பெரிய டாக்டர். அன்று முதல் கடைசி வரை எனக்கு அவர் வைத்த பெயர் போட்டோக்காரர். என் சொந்தப் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

அந்தப் பெரிய டாக்டரின் பார்வை எப்படிப் போயிற்று என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். வேறு வேடிக்கைக் கதைகள் என்னிடம் நிறைய உண்டு. ஆனால் உங்களுக்கு உபயோகப்படக்கூடியது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

அப்போது எங்களிடம் இரண்டு கேமரா இருந்தன. ஒன்று பழைய ஃபிலிம் கேமரா. இன்னொன்று, வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்பதற்காக வந்து நின்ற டிஜிட்டல் கேமரா. சர்க்கரை நோயாளி யார் வந்தாலும் இரண்டிலும் எடுக்க வேண்டும். பெரிய டாக்டர் இரண்டையும் வேறு வேறு நாளில் பார்த்து, நோய் எந்த அளவில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். படத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும். யாருடைய கண் என்று தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதால் அந்த ஏற்பாடு. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னால் ஃபிலிமை விட்டுவிடலாம்.

ஃபிலிமில் ஒரு வசதி உண்டு. ஒரே கண்ணைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு படம் எடுத்து, ஸ்லைடுகளை வெளிச்சப் பெட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரட்டை லென்ஸ் வழியாகப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்து வீங்கியிருந்தால், கொப்புளம் மாதிரி எழும்பி நிற்கும். அசௌகரியம் என்னவென்றால், அதைக் கழுவ சேலத்துக்கு அனுப்ப வேண்டும். ரோல் முழுதும் தீராமல் அனுப்பக்கூடாது என்பது ஆஸ்பத்திரி சட்டம். திங்கட்கிழமை வந்தவரின் கண், அடுத்தடுத்து யார் யாரோ வந்து ரோலை நிரப்பும் வரை கேமரா வயிற்றுக்குள்ளேயே காத்துக்கிடக்கும்.

டிஜிட்டல் அப்படியில்லை, உடனே திரையில் வரும். ஆனால் பெரிய டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. மங்கல், மங்கல் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பனிக்காலத்து விடியலில் தொப்பூர் கணவாய் இறங்குகிற மாதிரி இருக்கிறது உங்கள் கம்ப்யூட்டர் படம் என்பார். ஃபிலிமில் அவர் சொல்கிற நோய்க்கும் திரையில் சொல்கிற நோய்க்கும் ஒத்துப்போகவில்லை. ஃபிலிமில் தெரிந்த ரத்தப் புள்ளிகளைத் திரையில் கோட்டைவிட்டார். கேமராவைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது.

குற்றம் என்னுடையது என்று நான் நிச்சயமாக நம்பினேன். லென்ஸைத் துடைத்தேன். துடைத்ததைத் துடைத்தேன். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினேன். ஃபோக்கஸ் பண்ணுகிற என் கண்ணே கெட்டுவிட்டதோ என்று கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டேன். அவர்களும் சும்மா விடுவார்களா, ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். அந்தக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், இனி படம் பளிச்சென்று வரும் சார் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடி உங்க மூக்குக்கு நல்லா இருக்கு, படம் அதேதான் என்றார்.

யோசித்துப் பாருங்கள். படம் எடுத்தவனின் கண்ணைச் சோதித்தோம். கேமராவின் கண்ணைச் சோதித்தோம். படத்தைப் பார்ப்பவரின் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் காபியில் சர்க்கரை போடாமல் கொண்டுவருவதே அட்டெண்டரின் முதல் வேலை. வருகிற ஒவ்வொரு சர்க்கரை நோயாளியையும், வருசத்துக்கு ஒரு தடவை கண்ணைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி அதட்டுபவர் அவர். அவர் அந்தத் தாங்கியில் முகவாயை வைத்து நாங்கள் பார்த்ததே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் மாதம்மாள் வந்தார். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற அம்மா. இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி இருக்கிறது என்று வந்திருந்தார். டிஜிட்டலில் எடுத்தேன். நரம்பு புறப்படும் இடத்தில், இருக்கக்கூடாத மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல் பிரிந்த மாதிரி நின்றன. அது உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும், அப்புறம் அந்தக் கண்ணும் இல்லை. என் பக்கத்தில் நின்ற ஸ்டெல்லா சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு மெதுவாக சிலுவை போட்டுக்கொண்டார்.

பெரிய டாக்டர் திரைக்கு மிக அருகே போய்ப் பார்த்தார். விளக்கு அடித்துக் கண்ணுக்குள்ளும் பார்த்தார். சந்தேகமாக இருக்கிறது, ஃபிலிமில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

நானும் சிஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிவது அவருக்குச் சந்தேகமாக இருந்தால், எங்களுக்குத்தான் தெரியவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் நினைத்தோம். முப்பது வருடம் கண்ணுக்குள்ளேயே குடியிருந்த மனிதர் அவர்.

ஃபிலிமில் மாதம்மாளின் கண்ணை எடுத்தாயிற்று. ஆனால் ரோலில் பாதிக்கு மேல் மிச்சம். வழக்கம்போலக் காத்திருந்தால் வாரம் ஓடிவிடும். அதுவரை அந்த நூல் அறுந்துபோகாமல் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அன்று சனிக்கிழமை, மத்தியானமே நோயாளிகள் போய்விட்டார்கள். சிஸ்டரிடம் சொன்னேன், நம்ம கண்ணையே எடுத்து ரோலை நிரப்பிடலாம் என்று. பாதி ரோலை அனுப்பக்கூடாது என்றுதான் சட்டம், யார் கண்ணால் நிரப்ப வேண்டும் என்று எதிலும் எழுதவில்லை.

கண்மணி விரிகிற சொட்டு மருந்தை எல்லோருக்கும் ஊற்றினோம். சிஸ்டருடைய கண், வாட்ச்மேனுடைய கண், பிறகு சிஸ்டர் எடுத்த என் கண். சிஸ்டர் எடுத்தபோது நான் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தேன். இத்தனை வருடம் நோயாளிகளை எப்படி அதட்டினேனோ அதே சொற்களில் சிஸ்டர் என்னை அதட்டினார். ஒரு சொல் விடவில்லை. வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு பெரிய டாக்டர் உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னோம். திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். இன்னும் எத்தனை படம் பாக்கி என்று கேட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் அடிச்சீங்க போட்டோக்காரரே. எனக்கும் ஒருக்கா அடிங்க."

மருந்து வேலை செய்ய நேரம் பிடித்தது. பிறகு அவர் முகவாயை வைத்தார். நான் கேமராவின் கண்ணில் என் கண்ணை வைத்தேன்.

ஃபிலிம் கேமராவிலும் எடுப்பவனுக்குக் கண் உள்ளே தெரியும், திரை அளவுக்கு இல்லை, மின்னி மறைகிற மாதிரி. அந்த மின்னலில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். மையத்தைச் சுற்றி, வெயிலில் காய்ந்த சுண்ணாம்புத் துளி மாதிரி மஞ்சள் படிவு. என் புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இரண்டு கண்ணையும், தள்ளித் தள்ளி, விதிப்படி எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

சார், கம்ப்யூட்டரிலும் ஒன்று எடுத்துவிடலாமே என்று கேட்டேன். திரையில் வந்தால் அங்கேயே தெரிந்துவிடும், நான் வாய் திறக்க வேண்டியதில்லை. அவர் எழுந்துகொண்டார். அந்த மங்கல் எனக்கு வேண்டாம், என் கண்ணாவது தெளிவாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, கூசுகிற கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை ரோலை நானே சேலத்துக்குக் கொண்டுபோனேன். கூடவே இருந்து கழுவி வாங்கினேன். லேபிலேயே ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். மாதம்மாள் கண்ணில் சந்தேகத்துக்கு இடமில்லை. பெரிய டாக்டர் கண்ணிலும் இல்லை.

திரும்பி வரும்போது தொப்பூரில் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடந்தது. பஸ் நகரவில்லை. டிரைவர் இறங்கிப்போய் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். நான் சட்டைப் பையில் பெரிய டாக்டரின் இரண்டு கண்களையும் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நேரே போய்ச் சொல்லலாம். ஆனால் கேமரா மங்கல் என்று ஏற்கெனவே நம்புகிறவர், இதையும் என் கை வேலை என்று சொல்லிவிடுவார். நிர்வாகத்திடம் சொல்லலாம். அவருக்குத் தெரியும் முன் ஊருக்குத் தெரிந்துவிடும், அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. மூன்றாவது வழி ஒன்று இருந்தது. மற்ற ஸ்லைடுகளைப் போலவே எண் போட்டு, வரிசைக்குள் வைத்துவிடுவது. அவர் நம்புகிற ஃபிலிமில், அவர் நம்புகிற வெளிச்சப் பெட்டியில், அவர் வாயாலேயே வரட்டும்.

லாரியை நிமிர்த்தி பஸ் கிளம்பியபோது முடிவு செய்துவிட்டேன். இன்று வரை அது நல்ல முடிவு என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை. ஸ்டெல்லா சிஸ்டரிடம் சொன்னபோது, நேரா சொல்லிடலாமுங்க, இது பாவம் என்றார். சொல்லிவிட்டு, ஸ்லைடு பார்க்கிற அன்றைக்கு அவரும் அறையிலேயே நின்றார். போகவில்லை.

பெரிய டாக்டர் லென்ஸில் குனிந்து வாசித்துக்கொண்டே வந்தார், நான் எழுதிக்கொண்டே வந்தேன். மாதம்மாளுடைய எண் வந்ததும் நிமிர்ந்தார். புது ரத்தக்குழாய், நாளைக்கே லேசர் கொடுக்கணும், ஆளைக் கூப்பிட்டு அனுப்புங்க என்றார். பிறகு சிஸ்டர் கண், நன்றாக இருக்கிறது. வாட்ச்மேன் கண், கொஞ்சம் புரை. என் கண்ணைப் பார்த்துவிட்டு, இந்த ஆள் சிமிட்டியே பாதிப் படத்தைக் கெடுத்திருக்கான் என்றார். வேறு நாளாக இருந்தால் நான் ரசித்திருப்பேன்.

அடுத்த ஸ்லைடுகளை வைத்தேன்.

நெடுநேரம் குனிந்தே இருந்தார். லென்ஸைத் திருகினார். இடது கண்ணுக்குப் போய், மறுபடி வலது கண்ணுக்கு வந்தார்.

"மையத்துல நல்லா நீர் கோத்திருக்கு. ரெண்டு கண்ணுலயும். ரொம்ப நாளா இருந்திருக்கணும். இந்தாளு என்ன வேல பாக்கறாரு?"

நான் எண்ணை மட்டும் எழுதினேன்.

"சின்ன வேலைன்னா இவரால முடியாது. நேரா இருக்கற கோடு இவருக்கு வளைஞ்சு தெரியும். எல்லாமே மங்கலாத்தான்..."

அந்தச் சொல்லில் நின்றுவிட்டார். தலையைத் தூக்கவில்லை. ரோலை யார் யார் கண்ணால் நிரப்பினோம் என்பது அவருக்குத் தெரியாததா.

"இன்னும் வேல பாக்கறாருங்களா?" என்று கேட்டார். என்னிடம் அவர் 'ங்களா' போட்டுக் கேள்வி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பாக்கறாருங்க சார்."

"நிறுத்தச் சொல்லுங்க."

பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த எண்ணுக்கு நேரே நோயின் அளவை அவரே எழுதினார். அதற்குப் பிறகும் மிச்சமிருந்த ஸ்லைடுகளைப் பார்க்கச் சிஸ்டர் விடவில்லை, விளக்கை அணைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே தானாக வந்து டிஜிட்டல் கேமரா முன்னால் உட்கார்ந்தார். எடுத்தேன். திரையில் அவருடைய கண் வந்தது. தெளிவா இருக்குதா என்று கேட்டார். இருக்குதுங்க என்றேன். சிஸ்டரைக் கேட்டார், அவரும் அதையே சொன்னார். அவர் கொஞ்ச நேரம் அந்த மங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் வெளிச்சமும் பெருக்கிக் காட்டும் லென்ஸும் ஃபிலிமில் அவரைக் காப்பாற்றி வந்திருக்கின்றன, திரை காப்பாற்றவில்லை, அவ்வளவுதான். இதுவரை திரையில் தான் சொன்ன அத்தனையையும் தள்ளிவிட்டு, சேலத்து டாக்டரைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். இரண்டு கேமராவும் ஏறக்குறைய ஒன்றைத்தான் சொல்லியிருந்தன. டிஜிட்டல் கேமரா எங்களிடமே நின்றுவிட்டது.

மறுநாள் மாதம்மாள் வந்தபோதுதான் கஷ்டமாக இருந்தது. லேசர் என்றதும் அந்த அம்மா பயப்படவில்லை. சேலத்துக்குப் போக வேண்டும் என்றதும் மறுத்துவிட்டார். பெரிய டாக்டர் கையால்தான் என்று பிடிவாதம். பெரிய டாக்டர் மறைக்காமல் சொன்னார், எனக்கே கண் சரியில்லை என்று.

"உங்களுக்கு மங்கலா தெரிஞ்சா என்னாங்க, எனக்கு உங்க கை மேலதான் நம்பிக்க. நீங்களே சுட்டு வுடுங்க."

அவர் சிரித்தார். அப்படிச் சுட்டால் கண்ணுக்குப் பதில் காதைச் சுட்டுவிடுவேன் அம்மா என்றார். பிறகு, நானும் அதே டாக்டர்கிட்டத்தான் போறேன், ஒரே ஜீப்புல போலாம் வாங்க என்றார். அதற்குத்தான் அந்த அம்மா அசைந்தார். டாக்டரே போகிற இடம் என்றால் சரி என்று, கூட வந்திருந்த வூட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, கொண்டுவந்திருந்த பையோடு ஏறிக்கொண்டார். பெரிய டாக்டர் முன் ஸீட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார்.

மாதம்மாளுக்கு அந்தக் கண் நின்றது. நான் ரிட்டயர் ஆகும் வரை வருசம் தவறாமல் வந்து படம் எடுத்துக்கொண்டார், ஒரு பை தக்காளியோடு. பெரிய டாக்டருக்கு நாள் கடந்திருந்தது. இப்போது இருக்கிற ஊசி மருந்தெல்லாம் அப்போது இல்லை. லேசர் வீக்கத்தை நிறுத்தியது, போனதைத் திருப்பவில்லை. ஓரத்தில் பார்வை உண்டு, மையத்தில் இல்லை. ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது.

ஒருநாள் அவரிடம் கேட்டுவிட்டேன். நான் அப்படி எண் போட்டு வைத்தது தப்புங்களா சார், நேரில் சொல்லியிருக்க வேண்டுமா என்று. நேர்ல சொல்லியிருந்தா உங்க ஃபோக்கஸ் சரியில்லன்னு சொல்லியிருப்பேன் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதில் மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, நானும் தோண்டிக் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் படம் மங்கல் என்று ஒருவர் சொன்னால் லென்ஸைத் துடையுங்கள். இரண்டாவது தடவை சொன்னாலும் துடையுங்கள். மூன்றாவது தடவை, அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ஸ்டூலை இழுத்துப்போட்டு அவரை உட்காரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். எங்களுக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை.

வேலையை விட்ட பிறகும் பெரிய டாக்டர் வருசத்துக்கு ஒரு தடவை படம் எடுக்க வந்தார். கடைசியாக வந்தபோது, எடுத்து முடித்ததும், திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டார். வழக்கம்போலத்தான் சார் என்றேன்.

"முழுசாச் சொல்லுங்க. ஒரு இடம் விடாம."

நரம்பு புறப்படும் இடத்தில் தொடங்கினேன். மேலே போகிற குழாய், அதன் ஓரத்துப் புள்ளிகள், லேசர் தழும்புகள், மையத்தில் இருந்த வெளிறல், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அது எவ்வளவு பெரிது என்று கேட்டார், சொன்னேன். முடிந்ததும், போன வருசத்தைவிட ஒரு படி ஏறியிருக்கிறது என்று அளவைச் சொன்னார். எழுதிக்கொண்டேன். அடுத்த கண்ணைச் சொல்லச் சொன்னார்.